இயாகோ ஏன் அப்படிச் செய்தான்? ஆங்கிலத் துன்பியல் நாடகங்களில் மனிதர்களின் உள்நோக்கத்தை வாசிக்கப் பழகுவது

ஹாம்லெட் தயங்குபவன், மேக்பெத் பேராசைக்காரன், ஒத்தெல்லோ சந்தேகக்காரன். கல்லூரியில் எனக்கு இந்த மூன்று நாடகங்களும் ஆளுக்கு ஒரு சொல்லாகத்தான் வந்து சேர்ந்தன. அதை எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. பல வருடம் கழித்து ஒத்தெல்லோவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கார்ந்து வாசித்தபோதுதான், அந்த ஒற்றைச் சொல் என்னை நாடகத்தின் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது புரிந்தது. ஒருவன் ஏன் கொல்கிறான், ஏன் காத்திருக்கிறான், ஏன் கூட இருப்பவனையே கவிழ்க்கிறான் என்று கேட்டால் இந்த நாடகங்கள் ஒன்றுக்கு மூன்றாகப் பதில் தருகின்றன. அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. எனக்கு இந்த நாடகங்கள் மேல் பிடிப்பு வந்தது அப்படி ஒத்துப்போகாத இடங்களில்தான்.

இது முதல் தடவை வாசிக்க உட்காருபவர்களுக்காக எழுதுவது. ஷேக்ஸ்பியர், மார்லோ, வெப்ஸ்டர், மிடில்டன் என்று சுமார் 1590 முதல் 1622 வரை லண்டன் மேடைக்காக எழுதியவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

எந்த நாடகத்தில் தொடங்குவது

ஹாம்லெட்டில் தொடங்காதீர்கள். ஏறக்குறைய 4,000 வரிகள். அது 1603, 1604-05, 1623 என மூன்று வெவ்வேறு பழைய அச்சுகளில் மூன்று வடிவத்தில் கிடைக்கிறது. மேக்பெத் அதில் பாதியளவுதான், ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் மொழி மிகவும் இறுக்கமானது. ஒரு வரியை அவிழ்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு நான் கையில் கொடுப்பது ஒத்தெல்லோ. கிளைக்கதை கிடையாது, ஆட்கள் குறைவு, ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் அழிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, காரணம் என்ற கேள்வியை அதைவிடக் கூர்மையாகக் கேட்கும் நாடகம் எனக்குத் தெரிந்து இல்லை.

பக்கத்துக்குப் பக்கம் சொற்பொருள் குறிப்பு உள்ள பதிப்பாக வாங்குங்கள். வாங்க முடியாதவர்களுக்கு ஃபோல்ஜர் நூலகம் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் மூலத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கதைச் சுருக்கத்தை முன்னாலேயே படித்துவிடலாம், அதில் தவறில்லை. யார் சாகப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், ஏன் சாகிறார்கள் என்று பார்க்க மனம் ஓய்வாக இருக்கும்.

சொற்களில் ஒரு எச்சரிக்கை. ‘ஜெலஸ்’ என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் பொறாமையோடு சந்தேகம் என்ற பொருளும் உண்டு. ‘ஹானஸ்ட்’ என்பது உண்மை பேசுபவன் என்பதோடு நிற்காது. பெண்ணைப் பற்றிச் சொன்னால் கற்புள்ளவள் என்றாகும், வேலைக்காரனைப் பற்றிச் சொன்னால் ‘நல்ல பையன்’ என்று முதலாளி தட்டிக்கொடுப்பது போலவும் ஆகும். ஒத்தெல்லோவின் வில்லன் இயாகோவை எல்லோரும் ஓயாமல் இந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். அது அவனுக்கு இனிக்கிறதா, குத்துகிறதா என்பதை வாசித்துக்கொண்டே யோசியுங்கள்.

நோட்டில் நாலு கட்டம்

ஒரு பக்கத்தை நாலாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில், அந்த ஆள் என்ன செய்தான். இரண்டாவதில், அதற்கு அவனே சொல்லும் காரணம். மூன்றாவதில், அதை யாரிடம் சொல்கிறான். நாலாவதில், எப்போது சொல்கிறான், செய்வதற்கு முன்பா பின்பா.

முதல் இரண்டு கட்டங்களை எல்லாரும் மனதுக்குள்ளேயே நிரப்பிவிடுவார்கள். வித்தியாசத்தை உண்டாக்குவது மூன்றும் நாலும்தான். நாம் வீட்டில் செய்வதும் இதுதானே. சித்தப்பா ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்பதற்கு அவர் அம்மாவிடம் சொன்ன காரணம் ஒன்று, நண்பரிடம் சொன்னது இன்னொன்று, ஆறு மாதம் கழித்துச் சொன்னது வேறொன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சித்தப்பா தெரிவார். நாடகத்து மனிதர்களுக்கு அந்தச் சலுகையைத் தர மறந்துவிடுகிறோம்.

ஐந்தாவது கட்டம் ஒன்றைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம்: அதே விஷயத்தைப் பற்றி வேறு யாராவது என்ன சொல்கிறார்கள் என்பதற்கு. அது எங்கே உதவும் என்று இப்போதே காட்டுகிறேன்.

இயாகோவை எழுதிப் பார்ப்போம்

வெனிஸ் படைத் தளபதி ஒத்தெல்லோ; ‘மூர்’ என்று எல்லோரும் குறிப்பிடும் ஆப்பிரிக்கன். அவனுடைய கொடிவீரன் இயாகோ. அவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவித் தளபதி பதவி காசியோவுக்குப் போய்விட்டது. நாடகம் தொடங்கும்போதே இயாகோ இதைச் சொல்லிக் கொதிக்கிறான்: நகரத்துப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் எனக்காகப் பரிந்து பேசினார்கள், ரோட்ஸிலும் சைப்ரஸிலும் என் திறமையை அவன் கண்ணால் பார்த்தவன், கடைசியில் போர்க்களத்தில் ஒரு அணியைக்கூட நிறுத்தாத ஃப்ளோரன்ஸ்காரக் கணக்குப் பிள்ளைக்குப் பதவி. கேட்டால் நமக்கே அவன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ‘பதவி ஏமாற்றம்’ என்று இரண்டாம் கட்டத்தில் எழுதிவிட்டுப் போகத் தோன்றும்.

இருங்கள், மூன்றாம் கட்டம் காலியாக இருக்கிறது. யாரிடம் சொல்கிறான்? ரோடரிகோவிடம். ரோடரிகோ, டெஸ்டிமோனா மேல் ஆசை வைத்துக்கொண்டு, அவளை வாங்கித் தருவான் என்று நம்பி இயாகோவிடம் பணத்தைக் கொட்டும் பணக்காரன். அவள் ஒத்தெல்லோவை மணந்துவிட்டாள் என்று கேட்டதும் அவனுக்கு ஆத்திரம். ‘அவனை வெறுப்பதாகச் சொன்னாயே?’ என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பதவிக் கதை வருகிறது. பணம் தருபவன் வெறுப்புக்கு ஆதாரம் கேட்கிறான், இவன் ஆதாரம் காட்டுகிறான். பதவி போனது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை இத்தனை விளக்கமாகச் சொல்ல வேண்டிய தேவை இப்போது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்து முதல் அங்கத்தின் முடிவு. எல்லோரும் போய்விட்டார்கள், இயாகோ தனியாக நிற்கிறான். இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்போது பதவிக் கதை முன்னால் வருவதில்லை. ‘இந்த மூரை வெறுக்கிறேன், என் படுக்கையில் என் வேலையை அவன் செய்ததாக ஊரில் பேச்சும் இருக்கிறது’ என்கிறான். அந்த ‘உம்’மைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அங்கே இருப்பது ‘அண்ட்’ என்ற சொல், ‘பிகாஸ்’ இல்லை. வெறுப்பு முதலில் நிற்கிறது, வதந்தி பக்கத்தில் வந்து சேர்கிறது. அதோடு விடாமல், ‘அது உண்மையா என்று தெரியாது, ஆனாலும் உண்மை என்றே வைத்துக்கொண்டு செய்வேன்’ என்கிறான். காசியோவின் பதவியைப் பறிப்பது சில வரிகள் கழித்து, திட்டத்தின் உபரி லாபம் போல வருகிறது.

இரண்டாம் அங்கத்தில் இன்னொரு தனிமொழி. இப்போது டெஸ்டிமோனாவை நானும் விரும்புகிறேன் என்கிறான், வெறும் காமத்தால் மட்டும் இல்லை, பழிவாங்கவும்தான் என்று சேர்த்துக்கொள்கிறான். ஒத்தெல்லோ தன் மனைவியோடு இருந்திருப்பான் என்ற எண்ணம் விஷம் போல உள்ளே அரிக்கிறதாம். போகிற போக்கில், காசியோவும் என் மனைவியோடு இருந்திருக்கலாம் என்று பயம் என்கிறான். ஒத்தெல்லோ நிலையான, அன்பான, உயர்ந்த குணம் உள்ளவன் என்றும் இதே பேச்சில்தான் ஒப்புக்கொள்கிறான்.

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று இயாகோ விரித்த வலையில் ஒத்தெல்லோ விழுந்துவிட்டான். காட்சி முடியும்போது ‘இனி நீதான் என் உதவித் தளபதி’ என்கிறான். பதவி கைக்கு வந்துவிட்டது! பதவிதான் காரணம் என்றால் இங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்பதில்லை, ஒரு மூச்சுகூட விடுவதில்லை. உங்கள் நோட்டில் ‘பதவி’ என்று எழுதியதை அடிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

ஐந்தாம் அங்கம். இருட்டில் காசியோவைக் கொல்லக் காத்திருக்கும்போது முற்றிலும் புதிதாக ஒன்று சொல்கிறான்: ‘அவன் அன்றாட வாழ்க்கையில் ஒரு அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்குகிறது.’ இதுவரை சொன்னவற்றில் எனக்கு மிக உண்மையாகப் படுவது இதுதான். திட்டத்துக்கு இது எந்த வகையிலும் பயன்படாது, யாரையும் நம்பவைக்கவும் உதவாது. அதனாலேயே நம்பத் தோன்றுகிறது. அடுத்த மூச்சில், காசியோ உயிரோடு இருந்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்ற நடைமுறைக் கணக்குக்குத் திரும்பிவிடுகிறான்.

இப்போது ஐந்தாம் கட்டம். மனைவி பற்றிய வதந்தி இயாகோ அந்த நேரத்தில் கட்டிவிட்டதா? பலரும் அப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். நாலாம் அங்கத்தில் அந்த மனைவி எமிலியாவின் வாயிலிருந்து ஒரு வரி வருகிறது: உன் புத்தியைத் திருப்பி, என்னை அந்த மூரோடு சேர்த்து நீ சந்தேகப்படும்படி செய்தவனும் இப்படிப்பட்ட ஒரு பயல்தான் என்று கணவனிடமே சொல்கிறாள். ஆக, சந்தேகம் பழையது, வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. இதே எமிலியாதான் மூன்றாம் அங்கத்தில், சந்தேகப்படுபவர்கள் காரணத்துக்காகச் சந்தேகப்படுவதில்லை, சந்தேகப்படுவதால் சந்தேகப்படுகிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அதை டெஸ்டிமோனாவுக்குச் சொல்கிறாள், ஒத்தெல்லோவைப் பற்றிச் சொல்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறீர்கள்?

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் கோல்ரிட்ஜ், இயாகோவின் தனிமொழிகளைப் பற்றி, காரணமே இல்லாத வன்மம் காரணத்தைத் தேடி வேட்டையாடுகிறது என்று குறித்து வைத்தார். மிகப் பிரபலமான வரி. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதை மனப்பாடம் செய்துகொண்டு நாடகத்துக்குள் போனால் எமிலியாவின் வரி காதில் விழாது. முதலில் நோட்டை நிரப்புங்கள், கோல்ரிட்ஜை அப்புறம் படிக்கலாம்.

தனியாக ஒன்று, மனைவியிடம் ஒன்று

இதே கட்டங்களோடு மேக்பெத்தின் முதல் அங்கம், ஏழாம் காட்சிக்குப் போங்கள். டன்கன் அரசன் மேக்பெத்தின் வீட்டில் விருந்தாளி. உள்ளே சாப்பாடு நடக்கிறது, மேக்பெத் எழுந்து வெளியே வந்துவிட்டான். ஏன் கொல்லக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்: நான் அவன் உறவினன், அவன் குடிமகன், வந்த விருந்தாளிக்குக் கொலைகாரன் வராமல் கதவை மூட வேண்டியவன் நானே கத்தி எடுப்பதா? டன்கன் எவ்வளவு சாந்தமாக ஆண்டவன். அவனைக் கொன்றால் இரக்கம் பிறந்த குழந்தையைப் போலக் காற்றில் ஏறி வந்து உலகத்தின் கண்ணில் எல்லாம் நீர் வரவழைக்கும். எனக்குத் தார்க்குச்சி எதுவும் இல்லை, எகிறிக் குதித்து மறுபக்கம் விழும் பேராசை ஒன்றுதான் இருக்கிறது என்கிறான். அந்த வாக்கியம் முடியும் முன்னே மனைவி வந்துவிடுகிறாள்.

அவளிடம் என்ன சொல்கிறான்? இந்த விஷயத்தில் மேலே போக வேண்டாம், அவர் சமீபத்தில் எனக்கு மரியாதை செய்திருக்கிறார், எல்லாத் தரப்பிலும் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன், அந்தப் புதுப் பளபளப்பை இப்போது அணிந்து பார்க்க வேண்டும், இத்தனை சீக்கிரம் கழற்றி எறிவதா? விருந்தோம்பல், உறவு, இரக்கம் எதுவும் அவள் முன்னால் வாயிலிருந்து வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் பேசிய அத்தனையையும் விழுங்கிவிட்டு, ஊரில் நல்ல பெயர் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கிறான்.

எனக்கு இந்த இடம் மேக்பெத்தின் கொலையைவிட வலிக்கிறது. மனைவியிடம் தன் நல்ல காரணத்தைச் சொல்ல வெட்கப்படும் மனிதன் அவன். அவளும் அதைப் பிடித்துக்கொள்கிறாள்; துணிந்தபோது நீ ஆணாக இருந்தாய் என்கிறாள். எதிர்த்து வைக்க அவனிடம் வலுவான சொற்கள் இருந்தன, அவற்றை மறைத்துக்கொண்டான். ‘பேராசைக்காரன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது எப்படி அடங்கும்?

மனைவியையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது. கொலை நடக்கும் இரவில் அவள் சொல்கிறாள்: தூங்கும்போது என் அப்பாவைப் போல இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன். யாரும் அவளைக் கேட்கவில்லை, தனியாகத்தான் நிற்கிறாள். நாலாவது, ஐந்தாவது முறை வாசிக்கும்போதும் அந்த வரிக்கு முன்னால் நான் நின்றுவிடுகிறேன். அதுவரை செய்யுளில் பேசியவள், ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கும்போது உரைநடையில், உடைந்த துண்டுகளாகப் பேசுகிறாள். யார் எப்போது செய்யுளிலிருந்து உரைநடைக்கு மாறுகிறார்கள் என்பதையும் பக்கத்து ஓரத்தில் குறித்து வையுங்கள். பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்: செய்யுளில் வரிகள் பாதியில் முறியும், உரைநடை ஓரம் வரை ஓடும்.

முடிவு முதலில், காரணம் அப்புறம்

நாலாவது கட்டத்தின் அருமை ஜூலியஸ் சீசரில் தெரியும். இரண்டாம் அங்கம், முதல் காட்சி. நள்ளிரவு, தோட்டத்தில் சீசரின் நண்பன் புரூட்டஸ், சீசரைப் பற்றி யோசிக்கிறான். அவனுடைய தனிமொழியின் முதல் வரி: அவன் செத்தால்தான் ஆகும். முடிவு விழுந்துவிட்டது! அப்புறம்தான் காரணம் தேடத் தொடங்குகிறான். தனிப்பட்ட முறையில் அவன் மேல் எனக்குப் பகை இல்லை, பொதுநலத்துக்காகத்தான். முடி சூட்டிக்கொண்டால் அவன் குணம் மாறலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அவனுடைய உணர்ச்சி அறிவை மீறியதை நான் பார்த்ததில்லை. சரி, இப்போது அவன் இருக்கும் நிலையில் குற்றம் சொல்ல இடமில்லை என்பதால் இப்படி வைத்துக்கொள்வோம்: அவன் பாம்பு முட்டை, குஞ்சு பொரித்தால் ஆபத்து, ஓட்டுக்குள்ளேயே கொன்றுவிடு.

‘இப்படி வைத்துக்கொள்வோம்’ என்பது அவனே சொல்வது. வழக்கறிஞர் வாதத்தைத் தயார் செய்வதைப் போல இருக்கிறது. இதோடு மூன்றாம் அங்கத்தில் கூட்டத்தின் முன் அவன் பேசுவதை வையுங்கள்: சீசர் பேராசைப்பட்டான், அதனால் கொன்றேன். தோட்டத்தில் ‘மாறலாம்’ என்று இருந்தது, சந்தையில் ‘பட்டான்’ என்று ஆகிவிட்டது. புரூட்டஸ் பொய்யன் இல்லை. நேர்மையான மனிதன் தன்னைத் தானே நம்பவைத்துக்கொள்ளும் வேலையை இத்தனை பக்கத்திலிருந்து பார்க்க வேறெங்கே முடியும்?

காரணம் இன்னும் தாமதமாக வரும் நாடகமும் உண்டு. வெப்ஸ்டர் எழுதி 1623-இல் அச்சான ‘டச்சஸ் ஆஃப் மால்ஃபி’. விதவையான சீமாட்டி தன் காரியஸ்தனை ரகசியமாக மணந்துகொள்கிறாள். அவளுடைய இரட்டைச் சகோதரன் ஃபெர்டினாண்ட் அவளைச் சித்திரவதை செய்து கழுத்தை நெரித்துக் கொல்லவைக்கிறான். உடலைப் பார்த்ததும், முகத்தை மூடு, என் கண் கூசுகிறது, இளம் வயதிலேயே செத்துப்போனாள் என்கிறான். அதன் பிறகுதான், எல்லாம் முடிந்த பிறகு, காரணத்தை ஆராய்வோம் என்று தொடங்கி, அவள் விதவையாகவே இருந்திருந்தால் அவள் சொத்து எனக்கு வந்திருக்கும் என்ற நம்பிக்கைதான் முக்கியக் காரணம் என்கிறான். அவளுக்கு முதல் கணவன் மூலம் ஒரு மகன் இருப்பதாக நாடகத்தில் வேறிடத்தில் பேச்சு வருகிறது. அப்புறம் சொத்து எப்படி இவனுக்கு வரும்? சகோதரி வேறொருவனோடு படுப்பதை நினைத்து அவன் பல காட்சிகளாகக் கொதித்ததைக் கேட்டிருக்கும் நமக்கு, இந்தச் சொத்துக் கணக்கு ஒரு போர்வையாகவே தெரிகிறது. எதை மூடுகிறான் என்று அவனுக்கே தெரிகிறதா என்பதை நாடகம் நமக்கே விட்டுவிடுகிறது.

மூலக்கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

முதல் வாசிப்பு முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. நல்ல பதிப்புகளின் முன்னுரையிலோ பின்னிணைப்பிலோ மூலக்கதை கிடைக்கும். நாடகாசிரியர் எந்தக் காரணத்தை எடுத்து வெளியே போட்டார் என்று அதில் தெரிந்துவிடும்.

ஒத்தெல்லோவின் கதை 1565-இல் அச்சான இத்தாலியர் சிந்தியோவின் கதைத் தொகுப்பிலிருந்து வந்தது. அதில் கொடிவீரன் டெஸ்டிமோனாவைக் காதலிக்கிறான், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, காதல் வெறுப்பாக மாறுகிறது. தெளிவான காரணம். ஷேக்ஸ்பியர் அதை ஒரு தனிமொழியில் ஓரிரு வரிகளாகச் சுருக்கிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மேக்பெத்துக்கு ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல். அதில் டன்கன் ஆளத் திறமில்லாத மென்மையானவன். மேக்பெத்தின் சக தளபதி பாங்கோ கொலையில் கூட்டாளி. இளவரசன் வயதுக்கு வரும் முன்பே வாரிசாக அறிவிக்கப்பட்டதால் மேக்பெத்துக்குச் சட்டப்படியே ஒரு மனக்குறை. முடி சூடிய பிறகு பத்து ஆண்டு நன்றாகவும் ஆள்கிறான். மேடையில் இவை ஒன்றும் இல்லை. ஸ்டுவர்ட் வம்சம் பாங்கோவின் வழிவந்தது என்று நம்பப்பட்டதாலும், அப்போது அரியணையில் இருந்தவர் அந்த வம்சத்து ஜேம்ஸ் என்பதாலும் பாங்கோவை நல்லவனாக்கியது புரிகிறது. மேக்பெத்தின் நியாயங்களையும் சேர்த்து அகற்றியதற்கு அரசியல் மட்டும் போதிய விளக்கம் ஆகாது. ‘எனக்குத் தார்க்குச்சி இல்லை’ என்ற வரி சாத்தியமாவதே அவற்றை அகற்றியதால்தான்.

ஹாம்லெட்டின் மூலமான டேனிஷ் கதையில் தந்தையின் கொலை ஊரறிந்தது. மகன் சிறுவன், உயிர் பிழைக்கவே பைத்தியம் போல நடிக்கிறான். ஷேக்ஸ்பியரில் கொலை ரகசியம், ஹாம்லெட் வளர்ந்தவன், யாரும் அவனைச் சந்தேகிக்கவில்லை. அப்படியானால் பைத்திய வேஷம் எதற்கு? உண்மையில் அந்த வேஷம்தான் அரசனின் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கிங் லியருக்கு முன்னால் இருந்த ‘கிங் லெயர்’ என்ற பழைய நாடகத்திலும், மகள்களின் அன்பைச் சோதிப்பதற்கு ஒரு திட்டம் இருக்கிறது: கடைசி மகளைத் தான் சொல்லும் மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கும் தந்திரம். ஷேக்ஸ்பியரின் லியர் ஏன் சோதிக்கிறான் என்று கடைசிவரை திருப்தியாகச் சொல்வதே இல்லை.

நாலு நாடகங்களில் நாலு தடவை கைக்கு வந்த காரணத்தை எடுத்தெறிந்திருக்கிறார். மறதியாக இருக்க வாய்ப்பே இல்லை.

சொல்லாமல் விட்டது, மாற்றிச் சொன்னது

மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ் தன் முதல் தனிமொழியில் தத்துவம், மருத்துவம், சட்டம் என ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு பைபிளை எடுக்கிறான். பாவத்தின் சம்பளம் மரணம் என்று வாசித்து, இது கொடூரம் என்று நகர்ந்துவிடுகிறான். ரோமருக்கு எழுதப்பட்ட அந்த வசனத்தின் அடுத்த பாதி, தேவனுடைய கிருபைவரமோ நித்திய ஜீவன் என்று இருக்கிறது. அதை அவன் வாசிக்கவில்லை. 24 ஆண்டு சுகத்துக்கு ஆன்மாவை விற்றது பின்னால் வரும் செய்தி. அவன் எப்படிப்பட்டவன் என்பது அந்த அரை வசனத்திலேயே இருக்கிறது.

அதேபோல ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குப் பரிசாகக் கொடுத்த கைக்குட்டை. மூன்றாம் அங்கத்தில் மனைவியிடம், அது எகிப்திய மந்திரக்காரி ஒருத்தி என் அம்மாவுக்குக் கொடுத்தது என்று மிரட்டுகிற குரலில் சொல்கிறான். கடைசிக் காட்சியில் மற்றவர்களிடம், என் அப்பா அம்மாவுக்குக் கொடுத்த பழைய பரிசு என்கிறான். நாடகாசிரியர் கவனக்குறைவு என்று தாண்டிப் போகலாம். இரண்டையும் யாரிடம் சொன்னான் என்று பார்த்தால், தாண்டத் தோன்றாது.

இவர்கள் மனிதர்களா, மேடைக்கான வேடங்களா

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டை இருக்கிறது, புதியவர்கள் சீக்கிரம் அதில் மாட்டிக்கொள்வார்கள். விமர்சகர் ஏ. சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட விரிவுரைகளில் இந்தப் பாத்திரங்களை உயிருள்ள மனிதர்களைப் போலவே ஆராய்ந்தார். இன்னொரு விமர்சகர் எல். சி. நைட்ஸ் 1933-இல், லேடி மேக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று தலைப்பிலேயே கேட்டு, நாடகம் என்பது கவிதை, அதற்கு வெளியே இவர்களுக்கு வாழ்க்கை கிடையாது என்று எதிர்த்தார். இரண்டு பேரிடமும் கற்றுக்கொள்ளலாம். நாடகத்தில் சொல்லப்படாத கடந்த காலத்தை நீங்களாகக் கட்டாதீர்கள். அந்த அளவில் நைட்ஸ் சொன்னது சரி. ஆனால் மேக்பெத் மனைவியிடம் மறைத்தான் என்று சொல்ல நமக்கு எந்தக் கற்பனையும் தேவையில்லை, இரண்டு பேச்சும் பக்கத்திலேயே இருக்கின்றன.

மேடை மரபையும் ஞாபகத்தில் வையுங்கள். முந்தைய ஒழுக்க நாடகங்களில் ‘வைஸ்’ என்று ஒரு தீய வேடம் வரும்; பார்வையாளர்களோடு நேரடியாகப் பேசி, சிரித்து, தன் தந்திரத்தில் அவர்களைக் கூட்டாளியாக்கும். இயாகோ நம்மைப் பார்த்து, நான் வில்லன் என்று யார் சொல்வது என்று கேட்கும்போது அந்தப் பழைய வேடத்தின் சாயல் தெரிகிறது. ஆகவே மூன்றாம் கட்டத்தில் ‘தனியாக’ என்று எழுதிய இடங்களில் எல்லாம் ‘நம்மிடம்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். தனிமொழியிலும் ஒருவன் தன்னை அழகாகக் காட்ட முயலலாம்.

காலியாக விடவேண்டிய கட்டம்

ஒத்தெல்லோவின் கடைசிக் காட்சியில், மனைவியைக் கொன்றுவிட்டு நிற்கும் ஒத்தெல்லோ, இந்தப் பேயைக் கேளுங்கள், என் உடலையும் ஆன்மாவையும் ஏன் இப்படிச் சிக்கவைத்தான் என்று கேட்கிறான். நாம் நோட்டைத் தூக்கிக்கொண்டு கேட்ட அதே கேள்வி. இயாகோ சொல்கிறான்: என்னை எதுவும் கேட்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். சொன்னபடியே பிறகு வாய் திறப்பதில்லை. அதற்கு முன்னால் ஏறக்குறைய எல்லாக் காட்சிகளிலும் வாய் ஓயாமல் பேசியவன். இந்த இடத்தில் இரண்டாம் கட்டத்தை நிரப்பாமல் விடுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு மிடில்டனும் ரவுலியும் சேர்ந்து எழுதிய ‘சேஞ்ச்லிங்’ நாடகத்தை எடுக்கலாம், 1622-ஆம் ஆண்டு நாடகம். பியாட்ரிஸ் ஜோவன்னா, வேறொருவனை மணக்க வேண்டும் என்பதற்காக, தனக்கு நிச்சயிக்கப்பட்டவனைக் கொல்ல டி ஃப்ளோரஸ் என்ற பணியாளை ஏவுகிறாள். அவனைக் கண்டாலே அவளுக்கு முதல் காட்சியிலிருந்து அருவருப்பு. மூன்றாம் அங்கம், நாலாம் காட்சியில் அவன் வேலையை முடித்துவிட்டு வருகிறான். அவள் 3,000 ஃப்ளோரின் நீட்டுகிறாள். அவன் வாங்கவில்லை. இரண்டு மடங்காகத் தருகிறேன் என்கிறாள், அப்போதும் வாங்கவில்லை. அவனுக்கு வேண்டியது அவள்தான் என்று நமக்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியவில்லையா, தெரிய விரும்பவில்லையா? அந்தக் காட்சியை மட்டும் இரண்டு தடவை சத்தமாக வாசித்து, எந்த வரியில் அவளுக்குப் புரிந்தது என்று பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.